துரும்பு, தப்தர், மனு ரசீது: அடிபட்டவள் போகும் வழி குறித்து

'வாழாவெட்டி' என்றொரு சொல் தமிழில் இருக்கிறது. புருஷன் வீட்டை விட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்ட பெண்ணைக் குறிப்பது. அவளை அப்படி வரவைத்தவனுக்கென்று ஒரு சொல் இல்லை. அடித்து விரட்டியவன் ஊரில் மறுபடியும் மாப்பிள்ளைதான். சொல்லின் இந்த ஓரவஞ்சனை பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. எனக்கு இப்போது அதில் அக்கறை இல்லை. அந்த வசவு இன்னொரு தகவலையும் உள்ளே வைத்திருக்கிறது. வந்தவளுக்கு வந்து இருக்க ஓர் இடம் இருந்தது என்பதே அது. திண்ணையோ, தாழ்வாரமோ, அடுப்படியோ, எதுவோ ஒன்று. இன்று அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களும் 'ஆதரவு சேவைகள்' என்று பெயர் சூட்டியிருக்கிற விஷயத்தின் வரலாறு, நம்மைப் பொறுத்தவரை, அந்தத் திண்ணையிலிருந்துதான் தொடங்குகிறது. யார் இடம் கொடுத்தார்கள், யார் அவளுக்காகப் பேசினார்கள், அதற்கு அவள் என்ன விலை கொடுத்தாள்? இதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அதிலும் டவுன் பஸ் ஒருநாளைக்கு இரண்டு தடவை வந்து போகிற ஊர்களில்.

தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் கள்ளர்களைப் பற்றிய பகுதியில் ஒரு வழக்கம் சொல்லப்படுகிறது. சாதிக்காரர்கள் முன்னிலையில் ஒரு துரும்பைக் கொடுத்தால் மணவிலக்கு. துரும்பு வாங்கினாள் என்றால் அறுத்துக்கொண்டாள் என்று பொருள். இது ஏதோ ஒரு சாதியின் விநோதம் அல்ல. பரிசப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து 'அத்துவிடுவது', பிறகு வேறொருவனைக் கட்டிக்கொள்வது எல்லாம் தென்மாவட்டங்களில் உழைக்கும் சாதிகள் பலவற்றில் சர்வசாதாரணமாக இருந்திருக்கிறது. 1955ஆம் வருடத்து இந்துத் திருமணச் சட்டம்கூட இந்த வழக்கத்தில் கைவைக்கவில்லை. அதன் 29ஆம் பிரிவு, வழக்காறு அனுமதிக்கும் மணவிலக்கை அப்படியே விட்டுவைத்தது. அதாவது, கோர்ட்டு வாசலை மிதிக்காமலேயே ஒருத்தி வெளியே வருவதற்குச் சட்டப்படியே வழி இருந்தது, இருக்கிறது.

அப்புறம் அந்த வழி எங்கே போனது? சாதிகள் 'மேலே' போகத் தொடங்கியபோது முதலில் தூர்ந்துபோன கிணறுகளில் இதுவும் ஒன்று என்றே எனக்குப் படுகிறது. பரிசம் போட்ட சாதிகள் வரதட்சிணை வாங்கின. அறுத்துக்கட்டிய சாதிகள் 'எங்கள் சாதியில் அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது' என்று சொல்லத் தொடங்கின. கௌரவம் என்பது மேல்சாதி ஆணின் கண்ணால் தன் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதாக மாறியது. இதில் வேடிக்கை என்னவென்றால், 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கு மணவிலக்கு உரிமை வேண்டும், சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டதும் ஏறத்தாழ இதே காலத்தில்தான். மேடையில் உரிமை பிறந்துகொண்டிருந்தது, மந்தையில் வழக்கம் செத்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று சந்தித்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

துரும்பு கொடுத்த பஞ்சாயத்தைப் பொற்காலமாக்கிவிடுகிற அபாயம் இங்கே இருக்கிறது. அதில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் ஆம்பளைகள்தான். அவளுக்காகப் பேசியது அப்பனோ அண்ணனோதான். பிள்ளைகள் தகப்பன் பக்கம் போனார்கள். பரிசத்தைத் திருப்பிக் கொடுக்க வக்கில்லாத வீட்டுப் பெண் அடிபட்டுக்கொண்டுதான் கிடந்தாள். வெளியேறும் கதவு இருந்தது, சாவி ஆண்களிடம் இருந்தது. அவ்வளவுதான் சொல்கிறேன்.

இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் பிறந்த வீடு. 1983இல் டைசனும் மூரும் எழுதிய கட்டுரையொன்று சமூகவியல் வட்டாரத்தில் பிரசித்தம். வட இந்தியாவில் பெண்ணைத் தூரத்து ஊரில், முன்பின் தெரியாத வீட்டில் கொடுக்கிறார்கள். தெற்கில் மாமன் மகனுக்கோ அத்தை மகனுக்கோ பக்கத்திலேயே கொடுக்கிறார்கள். ஆகவே தெற்கத்திப் பெண்ணுக்குச் சுயாதீனம் கொஞ்சம் கூடுதல். வாதம் இதுதான். மேலோட்டமாகச் சரி. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் அம்மா இருக்கிறாள். ஆனால் மாமனாரே தாய்மாமன் என்கிறபோது, அவர் மகன் அடிக்கிறான் என்று யாரிடம் போய்ச் சொல்வது? 'எங்கம்மாவோட கூடப்பெறந்த பொறப்பு. நா கோவிச்சுக்கிட்டு வந்தா எங்கம்மாவுக்குப் பொறந்த வீடே இல்லாமப் போயிரும்' என்று ஒரு பெண் சொல்லக் கேட்டிருக்கிறேன். நெருக்கம் காவலாகவும் இருக்கிறது, கண்ணியாகவும் இருக்கிறது. தூரத்து மருமகளுக்கு ஓட ஓர் ஊராவது உண்டு.

பிறந்த வீடு என்பதும் அப்பன் இருக்கிறவரைக்கும்தான். பிறகு அது அண்ணன் வீடு. நிலமும் வீடும் யார் பேரில் இருக்கிறதோ அவர்கள்தான் திண்ணைக்கும் சொந்தக்காரர்கள். பாகப்பிரிவினைச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணமானவர்களுக்கு அது இல்லை என்று எழுதி வைத்தார்கள். 1980களில் அடி வாங்கிக்கொண்டிருந்த ஒரு தலைமுறையை அந்த ஒரு வரி வெளியே நிறுத்தியது. 2005இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் அந்தத் தடை போயிற்று. அதற்குள் பாகம் பிரித்துப் பத்திரம் பதிந்து பட்டா மாற்றியாகிவிட்டிருந்தது.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். அகில இந்திய அளவு 29.3. சமூக நீதியில் முன்னணி மாநிலம் என்று மார்தட்டுகிறவர்கள் இந்த எண்ணைச் சும்மா கடந்துபோய்விடுகிறார்கள். அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. நாடு முழுக்க, அடிபட்ட பெண்களில் 77 விழுக்காட்டினர் எவரிடமும் உதவி கேட்கவுமில்லை, வாய் திறந்து சொல்லவுமில்லை. உதவி கேட்டவர்களிலும் பெரும்பாலோர் போனது பிறந்த வீட்டாரிடம். போலீசுக்கோ வக்கீலுக்கோ போனவர்கள் மிகச் சொற்பம். ஆக, நாற்பது வருடச் சட்டங்களுக்குப் பிறகும் இந்த நாட்டின் மிகப் பெரிய 'ஆதரவு மையம்' அந்தத் தேய்ந்துபோன திண்ணைதான்.

*

சீர்திருத்தவாதிகள் கட்டிய இல்லங்களின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். சகோதரி சுப்பலட்சுமி பால்ய விதவைகளுக்காக நடத்திய விடுதி, முத்துலட்சுமி ரெட்டி 1930இல் தொடங்கிய அவ்வை இல்லம் ஆகிய எல்லாம் சென்னையில். அவை செய்த காரியத்தின் பெருமையைக் குறைக்க எனக்கு எந்த முகாந்திரமும் இல்லை. ஆனால் அவை எதிர்கொண்ட பெண் விதவை, அல்லது தேவதாசி வீட்டுப் பெண், அல்லது அநாதை. புருஷன் உயிரோடு இருக்கிற, அவன் கையால் அடிபடுகிற பெண் அந்தப் பட்டியலில் தனி வகையாக இல்லை. அவளுக்குத்தான் வீடு இருக்கிறதே!

அடிபட்ட மனைவிக்கான புகலிடம் என்ற நவீனக் கருத்து லண்டனின் சிஸ்விக் பகுதியில் 1971இல் எரின் பிட்ஸி தொடங்கிய வீட்டிலிருந்து உலகெங்கும் பரவியது. அந்த வடிவத்தின் உயிர்நாடி முகவரி ரகசியம். பெருநகரத்தில் ஒருத்தி மறைந்துபோக முடியும். இரண்டு தெருவும் ஒரு ஊருணியும் உள்ள ஊரில் யார் எங்கே மறைவது? யார் வீட்டில் இன்றைக்கு அடுப்பெரியவில்லை என்பது ஊருக்கே தெரியும். காப்பகத்துக்குப் போவதென்றால் மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும். போனால் ஆட்டை யார் பார்ப்பது, பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகும், ரேஷன் கார்டு யார் கையில் இருக்கும்? அடித்தவன் வீட்டில் இருக்கிறான், அடிபட்டவள் நாடு கடத்தப்படுகிறாள். நகரத்துக்காக யோசிக்கப்பட்ட ஒரு தீர்வைக் கிராமத்துக்கு 'விரிவுபடுத்துவது' என்று நம் திட்டக்காரர்கள் பேசும்போதெல்லாம் இந்த ஆடுகள் என் நினைவுக்கு வருகின்றன.

1983இல் தண்டனைச் சட்டத்தில் 498ஏ சேர்க்கப்பட்டது. 1986இல் வரதட்சிணைச் சாவுக்கான பிரிவு. 1992இல் சென்னை ஆயிரம்விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம். இந்தியாவில் இப்படியொரு நிலையம் கோழிக்கோட்டில் 1973லேயே வந்துவிட்டது என்றாலும், மாநிலம் முழுக்க உட்கோட்டத்துக்கு ஒன்று என்கிற அளவுக்கு அதைப் பரப்பியது தமிழ்நாடுதான். எண்ணிக்கை இன்று இருநூறைத் தாண்டியிருக்கிறது.

இந்த நிலையங்களுக்குள் நடப்பது என்ன? ஆய்வாளர் மங்கை நடராஜன் இவற்றைத் தகராறு தீர்க்கும் அமைப்பு என்ற கோணத்திலேயே ஆராய்ந்திருக்கிறார். அந்தக் கோணமே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. மனு வாங்குகிறார்கள், சி.எஸ்.ஆர். ரசீது கொடுக்கிறார்கள், 'எதிர்பார்ட்டி'யைக் கூப்பிட்டு விடுகிறார்கள், இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் வேனில் வந்து இறங்குகிறார்கள், வேப்பமரத்தடியில் காத்திருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் அம்மா அவனை ஒரு சத்தம் போடுகிறார். அவளுக்கும் கொஞ்சம் புத்தி சொல்கிறார். 'இனிமேல் அடிக்க மாட்டேன்' என்று ரைட்டர் எழுதி வாங்கிக்கொள்கிறார். சேர்ந்து வாழப் போகிறோம் என்று இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். எஃப்.ஐ.ஆர். அபூர்வம். 2013இல் லலிதா குமாரி வழக்கில், புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், குடும்பத் தகராறு உள்ளிட்ட சில வகை வழக்குகளில் முன்விசாரணைக்கு இடம் விட்டது. 2014 அர்னேஷ் குமார் தீர்ப்பு உடனடிக் கைதுக்குக் கடிவாளம் போட்டது.

ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. சட்டம் தண்டிக்கிறது என்பது மேற்பூச்சு. உள்ளே நடப்பது குடும்பம் என்ற அலகைப் பழுதுபார்த்துத் திருப்பி அனுப்புகிற காரியம். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் அது சோம்பேறித்தனமான விமர்சனம். மனு கொடுக்கிற பெண்களில் பலர் கேட்பதும் அதைத்தான். 'அவுகளை உள்ள வைக்க வேணாம்மா, அடிக்காம இருக்கச் சொல்லுங்க.' இதை 'பொய்ப் பிரக்ஞை' என்று ஒதுக்கிவிட நமக்கு என்ன உரிமை? அவன் உள்ளே போனால் அவள் எங்கே போவாள் என்பதற்குச் சட்டத்திடம் 2005 வரை பதிலே இல்லை. வேறு கதவு இல்லாத வீட்டில் ஒருத்தி வாசல் வழியாகவே திரும்பிப் போகிறாள் என்றால் அதை அவளுடைய விருப்பம் என்று எண்ணிவிடவும் கூடாது, அறியாமை என்று சொல்லிவிடவும் கூடாது.

*

இனி புதுக்கோட்டை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

வானம் பார்த்த பூமி, கண்மாய்கள், கல்குவாரிகள். 1991இல் அறிவொளி இயக்கம் அந்த மாவட்டத்தில் தொடங்கியபோது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு சைக்கிள் விடக் கற்றுக்கொள்வதையும் இயக்கம் சேர்த்துக்கொண்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதாகப் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அந்த நாட்களில் அங்கே திரிந்தவர்களுக்கு அது நினைவிருக்கும். ஆம்பளை சைக்கிளில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பின்னால் ஒரு பிள்ளையோடு. கிண்டல் செய்தவர்கள் உண்டு. தெருவில் வைத்துக் கூச்சலிட்டவர்கள் உண்டு.

வீட்டு வன்முறைக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மெயின்ரோட்டுக்குப் போக ஐந்து கிலோமீட்டர் நடக்க வேண்டிய ஊரில், பஸ்ஸை எதிர்பார்க்காமல், அப்பனையோ தம்பியையோ கூப்பிடாமல், ஒருத்தி தானாக ஓரிடத்துக்குப் போய்விட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம் என்றால், அந்த ஓரிடம் தங்கச்சி வீடாகவும் இருக்கலாம், போலீஸ் ஸ்டேஷனாகவும் இருக்கலாம். அடிப்பவன் கணக்கில் வைத்திருக்கிற முதல் விஷயம் 'இவ எங்க போயிருவா?' என்பதுதானே. தொலைவு என்பது கிலோமீட்டர் அல்ல, அது அதிகாரத்தின் ஒரு வடிவம். ஆதரவு சேவை என்ற பெயரே இல்லாமல் நடந்த மிகப் பெரிய ஆதரவு சேவை அது என்பேன்.

இதே காலத்தில் பக்கத்து மாநிலத்தில், நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில், எழுத்தறிவு வகுப்புக்குப் போன பெண்கள் 1992இல் சாராயக் கடையை மறித்தார்கள். பாடப்புத்தகத்தில் சீதம்மா என்றொருத்தியின் கதை இருந்தது. இயக்கம் ஆந்திரம் முழுக்கப் பரவி 1995இல் மதுவிலக்கில் முடிந்தது. 1997இல் அது தளர்த்தப்பட்டது வேறு கதை. குடிகாரப் புருஷனால் கஷ்டப்பட்ட பத்தினிகளின் கண்ணீர்க் கதையாக இதைப் பத்திரிகைகள் எழுதியதை சூசி தாருவும் தேஜஸ்வினி நிரஞ்சனாவும் 1994இல் எழுதிய கட்டுரையில் கேள்விக்குள்ளாக்கினார்கள். அந்தப் பெண்கள் மோதியது சாராய ஏலத்தோடு, அதாவது அரசின் வருமானத்தோடு. அதைக் குடும்பக் கதையாகச் சுருக்குவது அவர்களுடைய அரசியலைப் பிடுங்கிக்கொள்வது. புதுக்கோட்டைக்கும் இது பொருந்தும். வீட்டுக்குள் நடக்கும் அடியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்க்கிறவரைக்கும் அது தனிமனிதப் பிரச்சனை. குவாரி குத்தகை, சாராய ஏலம், பஸ் ரூட், பட்டா என்று வெளியே கொண்டுவந்தால்தான் அதன் முழு உருவம் தெரிகிறது.

தாவூத் ஷரீஃபா கானம் புதுக்கோட்டையில் 'ஸ்டெப்ஸ்' என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கியது 1991இல். ஆரம்பத்தில் எல்லாச் சாதி மதத்துப் பெண்களும் வந்த இடம் அது. முஸ்லிம் பெண்களின் பிரச்சனைக்குத் தனியாக ஒரு வடிவம் தேவைப்பட்டதற்குக் காரணம் மதம் என்று சொல்வதைவிட மன்றம் என்று சொல்வதுதான் பொருத்தம். அவர்களுடைய கல்யாணமும் தலாக்கும் பள்ளிவாசல் தப்தரில் பதிவாகின்றன. தகராறு வந்தால் விசாரிப்பது ஜமாஅத். ஜமாஅத்தில் உட்கார்கிறவர்கள் ஆண்கள். பிராது கொடுத்த பெண் உள்ளே போக முடியாது. அவளுக்காக வீட்டு ஆம்பளைதான் பேச வேண்டும். 'எனக்காக எங்க அத்தாதான் பேசணுமாம். அத்தா மவுத்தாப் போயி பத்து வருஷமாச்சு' என்றால் விசாரணை முடிந்தது. போலீசுக்குப் போனால், 'ஒங்க ஜமாத்துல போயிப் பேசிக்கங்க' என்பார்கள். மதச்சார்பற்ற அரசு மிகுந்த மரியாதையோடு கைகழுவிவிடும்.

2003-04 வாக்கில் பெண்கள் ஜமாஅத் உருவானது. மாதாமாதம் கூடினார்கள். பல மாவட்டங்களிலிருந்து மனுக்கள் வந்தன. மனுவைப் படித்தார்கள், அவளைப் பேசவிட்டார்கள், புருஷனுக்கும் சம்பந்தப்பட்ட பள்ளிவாசலுக்கும் கடிதம் போட்டார்கள், வராதவன் விஷயத்தில் காவல் நிலையத்துக்குப் போனார்கள். மஹரையும் கைக்கூலியாகக் கொடுத்த பணத்தையும் நகையையும் கேட்டார்கள். தீபா தன்ராஜ் 2011இல் எடுத்த ஆவணப்படம் இந்தக் கூட்டங்களை அருகிலிருந்து காட்டுகிறது. அந்தப் பெண்கள் குர்ஆனை மேற்கோள் காட்டி வாதாடினார்கள் என்பதைப் பார்த்து நம் முற்போக்காளர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். மதத்தை விட்டு வெளியே வந்து பேச வேண்டியதுதானே என்றார்கள். வெளியே வந்தால் நிற்பதற்கு இடம் எது என்று அவர்கள் சொல்லவில்லை. பள்ளிவாசலே ஆண்களிடம் இருப்பதால்தானே ஜமாஅத்தும் அவர்களிடம் இருக்கிறது, ஆகவே நாங்களே ஒரு பள்ளிவாசல் கட்டிக்கொள்கிறோம் என்று அந்தப் பெண்கள் அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல.

இதை 'பொம்பளைகளின் கட்டப்பஞ்சாயத்து' என்றும் சொன்னார்கள். குற்றச்சாட்டை அலட்சியப்படுத்த முடியாது. பஞ்சாயத்து என்ற வடிவம் இந்த மண்ணில் சாதியின் வடிவம். தலித்துகளுக்கு அபராதம் போட்ட வடிவம், காதலித்தவர்களைக் கொன்ற வடிவம். அதைப் பெண்கள் எடுத்துக்கொண்டால் மட்டும் அது புனிதமாகிவிடுமா? ஆகாது. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தின் பின்னால் தண்ணியை நிறுத்தும், வேலையை நிறுத்தும், ஊரை விட்டுத் தள்ளும் பலம் இருக்கிறது. பெண்கள் ஜமாஅத்தின் பின்னால் அப்படியொன்றும் இல்லை. கூட்டமும் காகிதமும் வெட்கப்படுத்துதலும்தான். அதன் பலவீனமே அதன் நியாயம். அதன் தீர்ப்பு பிடிக்காதவள் எழுந்து போய்விடலாம்.

இப்படிப்பட்ட மன்றங்கள் வேறு இடங்களிலும் வந்தன. 1986 கல்விக் கொள்கையின் அடியாக 1989இல் கர்நாடகம், குஜராத், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் தொடங்கப்பட்ட மகிளா சமாக்யா, அரசுத் திட்டமாக இருந்தும் கிராமத்துச் சங்கங்களைத் தம் போக்கில் விட்டது. 1990களின் நடுவில் வடோதரா மாவட்டத்தில் அந்தச் சங்கத்துப் பெண்கள் 'நாரி அதாலத்' நடத்தினார்கள். குறித்த நாளில், குறித்த இடத்தில், அரசு அலுவலகங்களை ஒட்டிய பொதுவிடத்தில் உட்கார்ந்தார்கள். படிக்காத பெண்கள். ஆனால் ரிஜிஸ்தர் வைத்தார்கள், கோப்பு வைத்தார்கள், ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதி வாங்கினார்கள். காகிதத்தின் அதிகாரத்தைக் காகிதத்தால் தொந்தரவு செய்கிற இந்த வித்தையை நான் மிகவும் ரசிக்கிறேன். தீர்ப்புக்குப் பிறகு அந்த வீட்டுக்கு யாராவது போய்ப் பார்த்து வந்தார்கள் என்பது அதைவிட முக்கியம். காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்த காகிதம் பீரோவில் தூங்கும். அதை எட்டிப் பார்க்க அடுத்த தெருக்காரி ஒருத்தி இருந்தால் அது விழித்திருக்கும். மகிளா சமாக்யாவுக்கு மத்திய அரசு கொடுத்துவந்த ஆதரவு 2016வாக்கில் நின்றுபோனது.

*

இந்தக் கதையைத் தமிழ்நாட்டுக்குள்ளேயே வைத்துப் பேசுவதில் ஒரு குறை இருக்கிறது. ஒதுக்கப்பட்ட சமூகத்துப் பெண் தன் வீட்டு ஆணின் வன்முறையைப் பற்றி வாய் திறக்கும்போது மாட்டிக்கொள்ளும் இடுக்கி உலகெங்கும் ஒன்றுதான். மத்திய ஆஸ்திரேலியாவின் பாலைவனத்தில் மூன்று மாநிலங்களின் எல்லைகள் சந்திக்கும் இடத்தைச் சுற்றியுள்ள ஆதிவாசிப் பெண்கள் 1980இல் ஒரு பெண்கள் கவுன்சிலை உருவாக்கினார்கள். நில உரிமைப் போராட்டப் பேச்சுவார்த்தைகளில் தங்கள் குரல் எடுபடவில்லை என்பதுதான் காரணம். சுமார் 3,50,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். 1994இல் அந்தக் கவுன்சில் வீட்டு வன்முறைக்கென்று தனிச் சேவையைத் தொடங்கியது. யூண்டுமு என்ற குடியிருப்பில் வல்பிரி இனத்து மூத்த பெண்கள் 1990களில் இராக்காவல் சுற்றினார்கள். போலீஸ் அதிகாரம் ஏதும் இல்லை. பாட்டி, பெரியம்மா, அத்தை என்கிற உறவுதான் அதிகாரம். போதையில் ஆடுகிறவனை அவனுடைய பெரியம்மா வந்து கையைப் பிடித்து இழுத்துப்போவதற்கும் போலீஸ்காரன் வந்து விலங்கு மாட்டுவதற்கும் இடையில் ஒரு காலனிய வரலாறு முழுவதும் கிடக்கிறது.

1989இல் டயான் பெல் என்ற வெள்ளை மானுடவியலாளர் டாப்ஸி நப்புருலா நெல்சன் என்ற ஆதிவாசிப் பெண்ணோடு சேர்ந்து ஆதிவாசிச் சமூகத்துக்குள் நடக்கும் பாலியல் வன்முறை பற்றி எழுதியபோது, ஜாக்கி ஹக்கின்ஸ் உள்ளிட்ட ஆதிவாசிப் பெண்கள் கண்டித்து எழுதினார்கள். இது நாங்கள் பேச வேண்டிய விஷயம் என்றார்கள். அந்தக் கோபத்தில் ஒரு தீர்க்கதரிசனம் இருந்ததாகவே பின்னால் தோன்றியது. 2007இல், குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை பற்றிய ஓர் அறிக்கையைச் சாக்காக வைத்து ஆஸ்திரேலிய அரசு வடக்குப் பிரதேசத்துக்கு ராணுவத்தோடு வந்து இறங்கியது. இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையே நிறுத்தி வைத்தது. உதவித்தொகையில் பாதியைத் தானே பிடித்துவைத்து நிர்வகித்தது. பெண்களின் வாக்குமூலம் அவர்களுடைய நிலத்துக்கும் சுயாட்சிக்கும் எதிரான ஆயுதமாகிவிட்டது.

நமக்கு இது அந்நியமான அனுபவமா? 1985இல் ஷாபானு, 1986இல் அவருடைய வெற்றியைப் பறித்த சட்டம், 2017இல் ஷாயரா பானு, 2019இல் முத்தலாக்கைச் சிறைக்குரிய குற்றமாக்கிய சட்டம். ஒருமுறை சமூகத் தலைவர்களைத் திருப்திப்படுத்த, இன்னொரு முறை அந்தச் சமூகத்தையே கூண்டில் ஏற்ற. இரண்டு தடவையும் பந்தாடப்பட்டவள் அவளே. புருஷன் மூன்று வருஷம் உள்ளே இருந்தால் ஜீவனாம்சம் யார் தருவார்கள் என்று கேட்கத்தான் புதுக்கோட்டை மாதிரியான ஒரு கூட்டம் வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வி நாடாளுமன்றத்திலிருந்து வராது, ஆண்கள் ஜமாஅத்திலிருந்தும் வராது.

2005இல் நிறைவேறி 2006 அக்டோபர் 26இல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இந்த எல்லா முயற்சிகளிலிருந்தும் கற்றுக்கொண்டுதான் எழுதப்பட்டது. அடியை மட்டும் வன்முறை என்று சொல்லாமல், வசவையும் பணத்தைப் பிடித்துவைப்பதையும் கணக்கில் எடுத்தது. வீடு யார் பேரில் இருந்தாலும் அவளை வெளியே தள்ள முடியாது என்றது. இதுதான் அதன் இதயம். திண்ணைக்கு ஓடாமல் தன் அடுப்படியிலேயே நிற்கும் உரிமை. அந்த உரிமையை ஊருக்குள் கொண்டுபோக ஒரு பாதுகாப்பு அலுவலர் பதவியை உண்டாக்கினார்கள். தமிழ்நாட்டில் மாவட்டத்துக்கு ஒருவர். 2015க்குப் பிறகு மாவட்டத்துக்கு ஓர் ஒருங்கிணைந்த சேவை மையம். அங்கே தங்குவதற்கு அதிகபட்சம் ஐந்து நாள். 2018 டிசம்பரில் 181 என்ற தொலைபேசி எண்.

மாவட்டத்துக்கு ஒருவர் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணமேல்குடிப் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து ஒருத்தி கலெக்டர் ஆபீசுக்கு வந்து, அலுவலரைப் பார்த்து, முதல் படிவத்தை நிரப்பி, கோர்ட்டுக்கு அனுப்பி, வாய்தாவுக்கு வாய்தா வந்து, தங்கும் உரிமைக்கு உத்தரவு வாங்கிவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். அதைக் கையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் கடைசி பஸ்ஸில் ஊர் திரும்புகிறாள். பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை நடக்க வேண்டும். அந்தத் தூரத்துக்கு அவளோடு கூட நடக்க வேண்டியவர் யார் என்று சட்டம் சொல்லவில்லை. முன்பு சங்கத்துப் பெண்கள் நடந்தார்கள், இரண்டு பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு.